ஸ்பூன் விழுந்துகொண்டே இருக்கிறது, டாக்டர்!

வாசகர் கேள்விக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

கடிதம் எழுதியிருப்பவர் 63 வயதுப் பெண்மணி. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்காலத்தில் படிக்க வேண்டும் என்று சேர்த்து வைத்த புத்தகங்களில் ஒன்றைக்கூடப் பிரிக்காத நிலையில், மகளின் ஒன்பது மாத மகனையும் மகனின் ஒன்றரை வயது மகளையும் வாரத்தில் ஐந்து நாளும் காலையிலிருந்து மாலைவரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. “ஒரு பார்வையில் ஒரு வகுப்பையே அடக்கியவள் நான். இன்று பேச்சே வராத ஒருவனும், ‘வேண்டாம்’ என்பதைத் தவிர வேறு பேச விரும்பாத ஒருத்தியும் என்னை ஆட்டி வைக்கிறார்கள்” என்று தொடங்கும் அவருடைய நீண்ட கடிதம், படித்த எங்கள் எல்லோரையும் வாய்விட்டுச் சிரிக்க வைத்தது.

பேத்தி சாப்பிடும்போது ஸ்பூனைக் கீழே போடுகிறாள். பாட்டி குனிந்து எடுத்துத் தருகிறார். அது மறுபடியும் விழுகிறது. டிவி ரிமோட்டை வீடு முழுக்கத் தேடி, கடைசியில் தாத்தாவின் ஷூவுக்குள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டியின் கைப்பையைக் கவிழ்த்து, அதிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டு மகிழ்ந்திருக்கிறாள் பேத்தி. பேரனோ, பாட்டி தலைக்குக் குளித்துத் துண்டு கட்டிக்கொண்டு வந்தால் யாரோ வந்துவிட்டதாக அலறுகிறான். பாட்டி குளியலறைக்குள் போனாலும் அலறுகிறான். ஆகவே கதவைப் பாதி திறந்து வைத்து, உள்ளிருந்து பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்கச் சிரித்து விளையாடியவன் மாலையில் அம்மா வாசலில் கால் வைத்ததும் ஓவென்று அழுகிறான். ஒரு மதியம் அவனை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தவர் அப்படியே உறங்கிப்போக, வீடு திரும்பிய கணவர் இருவரின் குறட்டையையும் கைப்பேசியில் பதிவு செய்து குடும்பத்தினர் அனைவருக்கும் அனுப்பியிருக்கிறார்.

மகளும் மருமகளும் ஆளுக்கொரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதாகவும், அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதாகவும் எழுதுகிறார். சிரிப்புக்கு நடுவே அவர் கேட்டிருக்கும் கேள்விகள் இவை: எப்போதும் தூக்கி வைத்துக்கொண்டு பேரனைக் கெடுக்கிறேனா? பேத்திக்கு என் மீது ஏதாவது கோபமா? பேரனை மகனின் பெயர் சொல்லியும் பேத்தியை மகளின் பெயர் சொல்லியும் அழைக்கிறேனே, இது மறதி நோயின் தொடக்கமா? இரண்டு கைகளிலும் கட்டைவிரலின் அடிப்பக்கம் வலிக்கிறதே, மூட்டுத் தேய்மானமா? கடைசியாக, அடைப்புக்குறிக்குள் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி: வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கேட்டால் தவறாக நினைப்பார்களா?

பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் பேத்திக்கு உங்கள் மீது எந்தக் கோபமும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் திட்டமிட்டு ஒருவரைச் சோர்வடையச் செய்யும் சாமர்த்தியம் கிடையாது. அவள் செய்துகொண்டிருப்பது ஆய்வு. அதில் உங்களுக்குக் கிடைத்திருப்பது உதவியாளர் வேலை. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே தம்முடைய மூன்று குழந்தைகளையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். ஏறத்தாழ 12 முதல் 18 மாதம் வரையிலான பருவத்தில் குழந்தைகள் ஒரே செயலைச் சிறு சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பச் செய்து அதன் விளைவைப் பார்க்கிறார்கள் என்று அவர் விளக்கினார். அடுத்த முறை ஸ்பூன் விழும்போது எரிச்சலை ஒதுக்கி வைத்துவிட்டு அவளுடைய கண்களைக் கவனியுங்கள். ஒரு முறை கையை நீட்டிப் போடுவாள். ஒரு முறை விளிம்பில் வைத்துத் தள்ளுவாள். விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, உடனே நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பாள். ஸ்பூன் எப்போதும் கீழேதான் போகிறது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. பாட்டியும் எப்போதும் குனிகிறாரா என்பதுதான் இன்னும் முடியாத பகுதி.

ஆய்வுக்கு உதவ வேண்டும் என்பதற்காக உங்கள் இடுப்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறை எடுத்துக் கொடுங்கள். பிறகு, “ஸ்பூன் விளையாட்டு முடிந்தது” என்று அமைதியான குரலில் சொல்லி எடுத்து வைத்துவிடுங்கள். சாப்பாட்டு நேரம் முடிந்தபின் தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவும் சில பெரிய மரக்கட்டைகளும் கொடுத்தால், போடுவதையும் எடுப்பதையும் அவளே பார்த்துக்கொள்வாள். தாத்தாவின் ஷூவுக்குள் ரிமோட் போனதும் இதே ஆர்வத்தால்தான். ஒன்றுக்குள் இன்னொன்று அடங்கும் என்ற கண்டுபிடிப்பு அந்த வயதில் பெரிய விஷயம்.

“வேண்டாம்” பற்றியும் அதே கதைதான். தனக்குப் பிடித்த பொருளைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே “வேண்டாம்” என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தனக்கென்று ஒரு விருப்பம் உண்டு, அதைச் சொன்னால் பெரியவர்கள் ஒரு கணம் நின்று கேட்கிறார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. “சட்டை போடலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் வரும். “சிவப்புச் சட்டையா, மஞ்சள் சட்டையா?” என்று கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகள் பள்ளி நடத்திய உங்களுக்கு இந்த உத்தி புதிதாக இருக்காது.

தூக்கினால் கெட்டுப்போவானா?

கெட்டுப்போக மாட்டான். நான் அதிகம் சந்திக்கும் தவறான நம்பிக்கைகளில் இது ஒன்று, அதுவும் பெரும்பாலும் அன்பானவர்களையே குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குகிறது. ஹன்சிக்கர், பார் என்ற இரு மருத்துவர்கள் கனடாவில் நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது வாரத்தில், மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள் என்று கண்டார்கள். அது உங்கள் பேரனைவிட மிகச் சிறிய குழந்தைகளைப் பற்றிய ஆய்வு என்பது உண்மைதான். ஆனால் அழும்போது ஆள் வருகிறார் என்ற நம்பிக்கை குழந்தையைப் பிடிவாதக்காரனாக்குவதில்லை, அவனை நிம்மதியாக்குகிறது என்பது முதல் ஆண்டு முழுவதற்கும் பொருந்தும். ஒன்பது மாதக் குழந்தைக்கு நம்மைக் காரியத்துக்காக ஏமாற்றும் கணக்கெல்லாம் தெரியாது.

ஆனால் ஒரு மறுபக்கம் உண்டு. தரையும் அவனுக்கு வேண்டும். தவழவும், எதையாவது பிடித்து எழுந்து நிற்கவும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சிறு துணுக்குகளைப் பொறுக்கவும் பழகும் மாதங்கள் இவை. அழுதால் தூக்குங்கள்; சந்தோஷமாகத் தரையில் இருப்பவனை வெறுமனே கொஞ்சுவதற்காகத் தூக்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்கப் போவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

குளியலறை வாசல் நாடகத்துக்குக் காரணம், பேரனின் மூளை ஒரு படி முன்னேறியிருப்பதுதான். சில மாதங்களுக்கு முன் நீங்கள் கண்ணில் இருந்து மறைந்தால் அவன் வேறொன்றைப் பார்க்கத் தொடங்கியிருப்பான். இப்போது, மறைந்தவர் எங்கோ இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். எப்போது வருவார் என்பது மட்டும் தெரியாது. ஆகவே உங்கள் பாட்டுக் கச்சேரி மிகச் சரியான மருந்து. அவன் பார்க்காத நேரம் பார்த்து நழுவிப் போவதுதான் தவறு. அடுத்த முறை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்வான். “பாட்டி போய்விட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, தடுப்புள்ள பாதுகாப்பான இடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டுப் போங்கள். முகத்தைத் துணியால் மறைத்துத் திறந்து காட்டும் விளையாட்டை நாளுக்குப் பலமுறை விளையாடுங்கள். போனவர் திரும்பி வருவார் என்ற பாடம் அதில் இருக்கிறது.

துண்டு விஷயமும் இதோடு சேர்ந்ததே. முகத்தை அடையாளம் காண்பதில் தலைமுடியின் விளிம்பு கைக்குழந்தைகளுக்குப் பெரிய துப்பு. பிறந்து நான்கு நாளான குழந்தைகள் தாயின் முகத்தை அந்நியப் பெண்ணின் முகத்திலிருந்து பிரித்தறிந்ததையும், இருவரும் தலையில் துணி கட்டிக்கொண்டதும் அந்தத் திறன் காணாமல்போனதையும் 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒன்பதாவது மாதத்தில் முகங்கள் நன்றாகவே தெரியும் என்றாலும், புதியவர்களைக் கண்டு மிரளும் பருவம் இதுதான் என்பதால், தெரிந்த முகத்தில் தெரியாத வடிவம் தோன்றினால் அவன் கலங்குகிறான். அவன் எதிரிலேயே துண்டைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக் காட்டுங்கள்.

மாலையில் அம்மாவைக் கண்டதும் வரும் அழுகை

கடிதத்தின் இந்தப் பகுதியில் மட்டும் உங்கள் நகைச்சுவை கொஞ்சம் தடுமாறியிருக்கிறது. “நாள் முழுக்க அவனை நான் ஏதோ கொடுமைப்படுத்தியதுபோல மகள் பார்க்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அப்படி நினைக்கிறாள் என்பது உங்கள் ஊகமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த அழுகை உங்களைப் பற்றிய புகார் அல்ல. தான் மிகவும் நம்புகிறவரைக் கண்டதும், அதுவரை தாங்கிக்கொண்டிருந்த களைப்பையும் பிரிவையும் குழந்தை இறக்கி வைக்கிறது. நாள் முழுக்க உங்களிடம் சிரித்ததும் உண்மை, மாலையில் அம்மாவிடம் அழுவதும் உண்மை. இரண்டும் நல்ல அறிகுறிகளே.

இதில் நீங்கள் தவிர்க்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: “இவ்வளவு நேரம் நன்றாகத்தான் இருந்தான், உன்னைப் பார்த்ததும்தான் அழுகிறான்.” உங்களுக்கு இது வெறும் தகவல். வேலை முடிந்து களைத்து, நாள் முழுக்கப் பிள்ளையை விட்டிருந்த உறுத்தலோடு வாசலில் நிற்பவளுக்கு, ‘நீ இல்லாவிட்டால் அவன் சந்தோஷமாக இருக்கிறான்’ என்று கேட்கும். மாறாக, “உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தான்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் கையில் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு, எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சாப்பிட்டான் என்ற விவரங்களைப் பிறகு பேசுங்கள்.

என்னால் சிரிக்க முடியாத மூன்று இடங்கள்

நீங்கள் வேடிக்கையாக எழுதிய மூன்று நிகழ்ச்சிகளைப் படிக்கும்போது மருத்துவர் என்ற முறையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்டிப்பதற்காக இதை எழுதவில்லை. உங்களைப் போன்ற கவனமான பாட்டிமார் வீட்டிலும் இவை நடக்கின்றன என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, சோபா உறக்கம். பெரியவரும் கைக்குழந்தையும் சேர்ந்து சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உறங்குவது, குழந்தை உறங்கும் முறைகளிலேயே மிக ஆபத்தானவற்றில் ஒன்று. குழந்தை நழுவி மெத்தைக்கும் முதுகுத் திண்டுக்கும் இடையில் சிக்கினாலோ, முகம் உங்கள் உடலில் அழுந்தினாலோ, சத்தமே இல்லாமல் மூச்சுத் தடைபடும். உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்கின்றன என்பதால் உங்கள் பேரன் அதிக ஆபத்தான காலத்தைக் கடந்துவிட்டான். ஆனாலும் ஒரு வயது முடியும்வரை இந்த எச்சரிக்கை தேவை. கண் செருகுகிறது என்று தோன்றினால், அவன் விழித்து அழுதாலும் பரவாயில்லை, எழுந்து போய்த் தலையணையும் மெத்துப் பொம்மைகளும் இல்லாத அவனுடைய சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். படுக்க வைத்தபின் அவனாகவே புரண்டு குப்புறப் படுத்தால், ராத்திரிக் காவலாளிபோல நின்று திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

“என் பிள்ளைகளைக் குப்புறப் போட்டுத்தானே வளர்த்தேன், இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன?” என்று நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. உங்கள் பிள்ளைகள் பிறந்த காலம்வரை பல நாடுகளில் மருத்துவர்களே குப்புறப் படுக்க வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில்தான் அறிவுரை தலைகீழாக மாறியது. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற இயக்கம் தொடங்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் திடீர் மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நீங்கள் அன்று செய்தது அன்றைய சிறந்த அறிவுரை. உங்கள் மகள் பட்டியலில் எழுதியிருப்பது இன்றைய சிறந்த அறிவுரை.

இரண்டாவது, மாத்திரை அட்டை. உங்களுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய்களுக்கான சில மருந்துகளில் ஒரே ஒரு மாத்திரைகூட ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உயிராபத்தை உண்டாக்கப் போதும்; சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளின் விளைவு பல மணி நேரம் கழித்துத் தெரிவதும் உண்டு. ஆகவே விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தால்கூட, ‘நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று காத்திருக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாங்கள் பெற்றோரிடம் வீட்டு மருந்துகளைப் பூட்டி வைக்கச் சொல்கிறோம். பாட்டியின் கைப்பையை மறந்துவிடுகிறோம். தரையிலும் நாற்காலியிலும் கிடக்கும் அந்தப் பைக்கு இன்றே உயரத்தில் ஓர் ஆணி அடியுங்கள்.

மூன்றாவது, ரிமோட். ஷூவுக்குள் போன ரிமோட்டில் நாணயம்போல வட்டமான தட்டை பேட்டரி இருக்கிறதா, அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே திசுக்களைக் கடுமையாகப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். காதொலிக் கருவி, எடை பார்க்கும் கருவி, இசை வரும் வாழ்த்து அட்டை ஆகியவற்றிலும் இதே வகைப் பேட்டரி இருக்கலாம்.

இரண்டு பட்டியல்களுக்கு நடுவே

மகளின் பட்டியல், இருட்டறையில் சத்தமில்லாமல் உறங்க வைக்கச் சொல்கிறது. மருமகளின் பட்டியல், வீட்டுச் சத்தத்துக்கு நடுவிலேயே உறங்கப் பழக்கச் சொல்கிறது. “யார் சொல்வது சரி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்கிறீர்கள். மகளுக்கும் மருமகளுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, தேவையும் இல்லை. இரு முறைகளிலும் குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள்.

நான் செய்யச் சொல்வது வேறு. இரண்டு பட்டியல்களையும் எடுத்து, பாதுகாப்பு பற்றிய வரிகளை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதுங்கள்: மல்லாக்கப் படுக்க வைப்பது, ஒரு வயதுக்குள் தேன் கொடுக்காதது, முழுத் திராட்சையும் கொட்டை வகைகளும் அப்படியே தராதது, குளிக்கும்போது ஒரு நொடிகூடத் தனியே விடாதது போன்றவை. இவற்றில் உங்கள் அனுபவம் வேறு சொன்னாலும் பட்டியலே வெல்லட்டும். மீதமுள்ளவை, எந்தப் பாட்டு, எந்தப் பொம்மை, தலையை எந்தப் பக்கம் வாருவது என்பவை எல்லாம், விருப்பங்கள். அவற்றில் உங்களுக்கு உரிமை உண்டு. பாட்டி வீட்டில் ஒரு மாதிரி, அம்மா வீட்டில் ஒரு மாதிரி என்பதைக் குழந்தைகள் வியக்கத்தக்க வேகத்தில் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் வீட்டில் மட்டும் ஸ்பூன் விழுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

உறக்க அட்டவணையில் ஒரு யோசனை. ஒன்பது மாதக் குழந்தை பகலில் பெரும்பாலும் இருமுறை உறங்கும். ஒன்றரை வயதில் பலர் ஒருமுறைக்கு மாறிவிடுவார்கள். பேரனின் இரண்டாவது உறக்கத்தையும் பேத்தியின் ஒரே உறக்கத்தையும் மதியத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒன்றின்மேல் ஒன்று விழச் செய்ய முடிந்தால், உங்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. படுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் புத்தகங்களில் ஒன்றைப் பிரியுங்கள்.

பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வருவதில் வியப்பில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரில்லிங் குழுவினர் 2021இல் 50 பாட்டிமாரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போது, அடுத்தவரின் உணர்ச்சியைத் தானும் உணர்வதோடு தொடர்புடைய பகுதிகள் உயிர்பெற்றன. வளர்ந்த தம் மகனையோ மகளையோ பார்க்கும்போது, அவர்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று அறிவால் புரிந்துகொள்ளும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. பேரன் விஷயத்தில் முயற்சியே இல்லாமல் வருவது, மகள் விஷயத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் வரும்.

பெயர் மாறுவது மறதி நோயா?

இல்லை. நீங்கள் மாற்றிச் சொல்லும் பெயர்களைப் பாருங்கள்: பேரனுக்கு மகனின் பெயர், பேத்திக்கு மகளின் பெயர். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரோ பழைய சக ஆசிரியையின் பெயரோ வருவதில்லை. அன்புக்குரியவர்களின் பெயர்களை மூளை ஒரே தொகுப்பாக வைத்திருக்கிறது. அவசரத்தில் பக்கத்தில் இருப்பது வந்துவிடுகிறது. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இத்தகைய தவறுகள் எல்லா வயதினரிடமும் நிகழ்வதையும், பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே பெயர்கள் இடம் மாறுவதையும் கண்டது. அந்தத் தொகுப்பில் வீட்டு நாயின் பெயரும் சேர்ந்திருந்தது, பூனையின் பெயர் சேரவில்லை என்பது அந்த ஆய்வின் சுவையான கிளைச்செய்தி. பேரன் யார் என்பதே தெரியாமல்போவது, பழகிய வேலையைச் செய்யும் முறை மறப்பது, தெரிந்த வழியில் திசை தெரியாமல் நிற்பது போன்றவை ஏற்பட்டால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பேரன் “தாதாதா” என்று சொன்னதைத் தாத்தா தன்னுடைய வெற்றியாக அறிவித்து, செய்தித்தாளைக் கீழே வைக்காமலே கொண்டாடியதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு முதல் பத்து மாதத்தில் குழந்தைகள் ஒரே ஒலியை அடுக்கிச் சொல்லிப் பழகுவார்கள். எதையும் யாரையும் குறிப்பிடாத வாய்ப்பயிற்சி அது. முதல் சொல் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித்தான் வரும். இதைத் தாத்தாவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

விடுப்பும் மணிக்கட்டும்

அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்த கேள்விக்குத்தான் அதிகம் யோசித்தேன். விடுப்புக் கேட்கலாமா என்றால், கேட்கத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 57 முதல் 68 வயதுவரையிலான 186 பெண்களைச் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அறிவாற்றல் சோதனைகளில் சிறந்து விளங்கினார்கள். ஐந்து நாளோ அதற்கு மேலோ பார்த்துக்கொண்டவர்கள் சில சோதனைகளில் பின்தங்கினார்கள். ஒன்றால்தான் மற்றது நேர்ந்தது என்று இத்தகைய ஆய்விலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் களைத்த உடலோடு ஐந்தாவது நாளில் சோபாவில் கண் சொக்கியதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

மகளிடமும் மகனிடமும் தனித்தனியாகச் சொன்னால், மற்றவருக்காக இவருக்கு மறுக்கிறீர்கள் என்ற எண்ணம் வரலாம். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, “இன்ன கிழமை என்னால் இயலாது, மற்ற நாட்களில் மகிழ்ச்சியாகப் பார்த்துக்கொள்கிறேன்” என்று கிழமையைக் குறிப்பிட்டே சொல்லுங்கள். மாற்று ஏற்பாட்டுக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள். நீங்கள் கேட்காத வரை உங்களுக்கு இயலாமல் இருக்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நீங்கள் மனமுவந்து செய்யும் உதவி. அதன் அளவைச் சொல்லும் உரிமையும் உங்களுடையதே. செய்தித்தாளோடு இருப்பவருக்கும் டயபர் மாற்றக் கற்றுக்கொடுக்கலாம். குறட்டையைப் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு அது கடினமாக இருக்காது.

கட்டைவிரல் வலி, நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், மூட்டுத் தேய்மானத்தைவிட அங்குள்ள தசைநாண் உறையின் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் 1895இல் விவரித்த இந்த உபாதை, கைக்குழந்தையைத் தூக்குபவர்களுக்கு அடிக்கடி வருவது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். கட்டைவிரல் பக்கத்தில் சுரீர் என்று வலித்தால் சந்தேகம் வலுப்படுகிறது. கட்டைவிரல்களை விரித்து அக்குளுக்கடியில் கொடுத்துத் தூக்குவதுதான் அதற்குக் காரணம். இனி ஒரு உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மற்றதை முதுகிலும் கொடுத்து, முழங்காலை மடக்கி, குழந்தையை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் மணிக்கட்டுப் பட்டையைச் சில வாரங்கள் அணியலாம். அதற்கும் குறையாவிட்டாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவு இருப்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பேத்தியைத் தூக்குவதை இப்போதே குறைத்துக்கொள்ளலாம். அவளால் சோபாவில் தானாகவே ஏற முடியும். ஏறச் சொன்னால் முதலில் “வேண்டாம்” என்பாள். சற்றுப் பொறுத்து நீங்கள் வேறு பக்கம் திரும்பும்போது ஏறிவிடுவாள், ஆகவே அதிக தூரம் திரும்பிவிடாதீர்கள்.